கிட்டியும் லத்தியும்

ஊரில் ஒரு கொலை விழுந்துவிட்டால், மறுநாள் காலையில் தேநீர்க் கடைப் பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாத மேடைவரை ஒரே குரல்தான் ஒலிக்கிறது: "சுட்டுத் தள்ளவேண்டும்!" யார் செய்தான், ஏன் செய்தான், சாட்சி உண்டா, சான்று உண்டா என்று கேட்க எவருக்கும் பொறுமை இல்லை. கேட்பவன் குற்றவாளிக்கு உறவினன் என்று ஏசப்படுகிறான். வழக்குமன்றம் தாமதிக்கிறதாம், சட்டம் இளகிக் கிடக்கிறதாம், மனித உரிமை பேசுவோரின் தொல்லை தாங்க முடியவில்லையாம். ஆகவே துப்பாக்கியே தீர்ப்பெழுதட்டும் என்கிறார்கள். இந்தக் கூச்சலில் நம் தோழர்கள் சிலரும் சேர்ந்துகொள்கிறார்கள் என்பதாலேயே இவ்வாரம் இதைப்பற்றி எழுத நேர்ந்தது.

2019ஆம் ஆண்டு நவம்பரில் ஐதராபாத் நகருக்கு அருகே கால்நடை மருத்துவரான இளம்பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது, கொதிக்கத்தான் வேண்டும். டிசம்பர் 6ஆம் நாள் பொழுது புலரும் வேளையில், பிடிபட்டிருந்த நால்வரும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு எங்களைத் தாக்க வந்தனர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றனர் போலீசார். மக்கள் அவர்கள்மீது மலர்மாரி பொழிந்தனர், இனிப்பு வழங்கினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையத்தின் அறிக்கை 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. தற்காப்புக் கதை நம்பத்தக்கதன்று, சாகடிக்கும் எண்ணத்தோடேயே சுடப்பட்டது என்றது அறிக்கை. நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கூறிற்று. மலர் தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தார்கள்? அந்த நால்வர்தாம் அக்கொடுமையைச் செய்தார்களா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. மகளைப் பறிகொடுத்த தாய்க்குக் கிடைக்கவேண்டிய விடையும் அந்த நால்வரோடு புதைந்துபோயிற்று.

சிலம்பைக் கற்ற தமிழனுக்கு இது புதுக்கதையா? அரண்மனையில் ஒரு நகை காணவில்லை. பொற்கொல்லன் ஒருவன் ஒரு வழிப்போக்கனைச் சுட்டிக்காட்டினான். மன்னன் விசாரித்தானா? கையில் சிலம்பிருந்தால் கொன்று கொண்டுவா என்றான். கோவலன் வெட்டுண்டான். உண்மை தெரிந்த மறுகணமே அரியணையிலிருந்து விழுந்து மாண்டான் பாண்டியன். பழியைக் காவலன்மீது போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகவில்லை. அந்த மதுரைக்கு மிக அருகில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் ஒரு நகை காணவில்லை என்று புகார் வந்தது. கோயில் காவலாளியாகப் பணிபுரிந்த அஜித்குமார் என்ற இளைஞரைத் தனிப்படை பிடித்துச் சென்றது. ஜூன் 28ஆம் நாள் அவர் பிணமானார். புகாருக்கும் சாவுக்கும் இடையே எந்த நீதிபதியும் இல்லை, எந்த வழக்கறிஞரும் இல்லை. தடிகள் மட்டுமே இருந்தன.

"ஏதோ சில தீய போலீசாரின் செயல் அது" என்று சமாதானம் சொல்வோர் உண்டு. சில தீயவர்கள் என்றால் 1993ஆம் ஆண்டு கம்மாபுரம் காவல்நிலையத்தில் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டது யாரால்? அவர்மீதும் நகைத் திருட்டுப் புகார்தான். 2020ஆம் ஆண்டு சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு, தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் உயிரைக் கொடுக்கவேண்டி வந்ததே, அது யாரால்? ஆட்கள் மாறுகிறார்கள், ஆண்டுகள் மாறுகின்றன, ஆளும் கட்சிகளும் மாறுகின்றன. மாறாதிருப்பது எது என்று தேடினால் நாம் கும்பெனி ஆட்சிக் காலத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

1854ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க வெள்ளையர் அரசே மூவர் ஆணையம் ஒன்றை அமைத்தது. மறு ஆண்டு அதன் அறிக்கை வந்தது. குடியானவனிடம் நிலவரி கறக்கவும், பிடிபட்டவனிடம் ஒப்புதல் வாங்கவும் சர்க்கார் சேவகர்கள் கையாண்ட முறைகள் அதில் அடுக்கடுக்காக வருகின்றன. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து, எலுமிச்சையைப் பிழிவதுபோல் நெருக்கும் 'கிட்டி' ஒன்று. கழுத்தையும் காலையும் ஒரே கயிற்றில் பிணைத்து, குனிந்தவன் நிமிர முடியாதபடி வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையில் ஏறிய விதத்தைப் பார்த்தீர்களா! கார்ல் மார்க்ஸ் 1857ஆம் ஆண்டு 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' ஏட்டில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி, இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்தும் நாகரிகம் இதுதானா என்ற பொருள்பட எழுதினார். வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவனாக இருந்த காலம் அது. ஒரே கை கஜானாவுக்கும் கொட்டடிக்கும் உழைத்தது.

அறிக்கை கிளப்பிய அவமானத்தைத் துடைக்க 1859ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கென ஒரு போலீஸ் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது இரண்டாண்டு மூத்தது. அயர்லாந்தை அடக்கி வைக்க அமைத்த படையின் அச்சில் வார்க்கப்பட்டது இந்தப் போலீஸ். குடிமகனைக் காப்பதற்கென்றா அது பிறந்தது? ஆள்வோனைக் குடிமகனிடமிருந்து காப்பதற்காகப் பிறந்தது. கிட்டி போயிற்று, லத்தி வந்தது.

வெள்ளையனுக்குத் தன் குற்றங்கள் கண்ணில் படவில்லை. மக்களின் குற்றங்களுக்கு அவன் ஒரு விந்தையான காரணம் கண்டுபிடித்தான். சில சாதிகள் பிறவியிலேயே குற்றம் புரியும் சாதிகள் என்றான்! 1871ஆம் ஆண்டு வடபுலத்தில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. பிரமலைக் கள்ளர் முதல் குறவர்வரை எத்தனையோ சமூகத்தாரின் பத்து விரல்களும் மையில் தோய்த்துப் பதிவேட்டில் அழுத்தப்பட்டன. அடுத்த ஊருக்குப் பெண் பார்க்கப் போவதானாலும் ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் வீட்டில் மனைவி மக்களோடு உறங்கக் கூட உரிமையில்லை. காவல்நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டும். களவே செய்யாதவனும் களவாணி. நாளை பிறக்கப்போகும் குழந்தையும் களவாணி.

உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிகள் அவர்கள்மீது திரும்பின. 16 பேர் மாண்டார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு சென்ற மாயக்காளும் அவர்களில் ஒருத்தி என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது. ஜாலியன் வாலாபாக்கிற்கு மறு ஆண்டு நடந்த இந்தப் படுகொலையை நம் பள்ளிப் புத்தகங்கள் எவ்வளவு காலம் மறந்திருந்தன!

இங்கேதான், தோழரே, நீங்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952ஆம் ஆண்டு ஒழிந்தது. அந்த வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எழுந்தன. கிணறு வந்தது, வைகைத் தண்ணீர் சில ஊர்களுக்காவது வந்தது, பட்டாளத்தில் இடம் கிடைத்தது, படிப்புக்கு உதவிப்பணம் கிடைத்தது. எந்த வீட்டு ஆண்கள் இரவில் கொட்டடியில் படுக்க வைக்கப்பட்டார்களோ, அந்த வீட்டுப் பேரன்களும் பேத்திகளும் ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, ஏன், காவல்துறை அதிகாரிகளாகவே வந்தார்கள். அவர்கள் உடலில் ஓடிய குருதியை எந்த மருத்துவன் மாற்றினான்? எந்த மந்திரவாதி அவர்கள் ரேகையை அழித்தெழுதினான்? ரேகையால் முடியாததைப் பள்ளிக்கூடம் செய்தது. குற்றத்தின் வேர் எங்கே என்று கேட்போருக்கு இதைவிடப் பெரிய சோதனைச்சாலை உலகில் வேறெங்கே இருக்கிறது?

இன்னும் பின்னோக்கிப் போகலாம். 1876 முதல் 1878வரை நாட்டைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில் களவும் கொள்ளையும் பெருகின என்று வெள்ளை அதிகாரிகளே எழுதி வைத்தார்கள். மழை பொய்த்து, தவச விலை ஏறியபோதெல்லாம் குற்றக் கணக்கும் ஏறியது. அந்த ஆண்டில் தமிழன் திடீரென்று ஒழுக்கம் கெட்டுவிட்டானா? தானியக் களஞ்சியங்கள் பூட்டிக் கிடக்க, கப்பல்களில் தானியம் ஏறிக்கொண்டிருக்க, பசித்தவன் பூட்டை உடைத்தான்.

அப்படியென்றால் ஏழை எல்லாம் திருடனா என்று மடக்குவார்கள் சில மேதாவிகள். இல்லை. ஏழைகளில் ஆயிரத்தில் ஒருவன்கூடத் திருடுவதில்லை. அவர்களுடைய பொறுமையைக் கண்டுதான் நாம் வியக்கவேண்டும். பணக்காரன் செய்யும் குற்றம் குற்றமாகவே எண்ணப்படுவதில்லை என்பதல்லவா உண்மை! மேலூர்ப் பக்கம் மலைகளையே அறுத்து விற்றார்கள். கிரானைட் கொள்ளையைப் பற்றி உயர்நீதிமன்றம் நியமித்த அதிகாரி சகாயம் 2015ஆம் ஆண்டு கட்டுக்கட்டாக அறிக்கை கொடுத்தார். மலையைத் திருடிய எவனாவது தப்பியோடும்போது பாலத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டானா? எவனாவது காவல்நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுந்தானா? சங்கிலி பறித்த சிறுவனுக்குத்தானே மாவுக்கட்டு! அவன் கையில் கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்து நாமும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

பிறப்பால் குற்றவாளி என்று ஒரு கணக்கு இருந்தால், பிறப்பால் நிரபராதி என்று இன்னொரு கணக்கும் இருக்கத்தானே வேண்டும்? 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில், கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்ட குற்றத்துக்காக 44 பேர் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம்! கால்நடையாகச் செல்பவன் கள்வன். காரில் செல்பவன் கனவான்.

இப்போது ஒரு நியாயமான கேள்விக்கு வருவோம். "வேர், வேர் என்று நீர் பேசிக்கொண்டிரும், தாலிச் சங்கிலியை அறுகொடுத்தவளுக்கு, மகனை வெட்டுக்குப் பலிகொடுத்தவளுக்கு இன்று என்ன பதில்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. போலீஸ் நமக்கு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. மாளிகைவாசிக்கு மதில் இருக்கிறது, நாய் இருக்கிறது, கூலிக்குக் காவலாளி இருக்கிறான்; நல்ல போலீஸ் மிகத் தேவைப்படுவது குடிசைவாசிக்குத்தான். அவனுக்குத்தான் அது கிடைப்பதில்லை. வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்டது. குற்றப்பத்திரிகை வர 2025ஆம் ஆண்டு ஜனவரிவரை ஆயிற்று. வந்தபோது அதில் எழுதப்பட்டிருந்தவை அதே ஊர்த் தலித் இளைஞர் மூவரின் பெயர்கள். அவ்வூர் மக்கள் அதை ஏற்க மறுக்கிறார்கள், நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் இரண்டாண்டு புலன்விசாரணை நடத்தியபின்னும் பாதிக்கப்பட்டவர்கள் நம்பக்கூடிய ஒரு விடையை ஒரு துறையால் தர முடியவில்லையென்றால், அங்கே குறைவது லத்தியா, அறிவா?

அடித்து வாங்கும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளையன் எழுதிய சாட்சியச் சட்டமே அதை ஒதுக்கி வைத்தது, 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதுச் சட்டமும் அப்படியே ஒதுக்குகிறது. அடிப்பவனுக்கும் இது தெரியும். தெரிந்தும் அடிக்கிறான், ஏனெனில் அவனுக்குத் துப்பறியக் கற்றுத் தரவில்லை, நேரமும் தரவில்லை. காலையில் அமைச்சர் வருகைக்குச் சாலையோரம் நிற்பவன் அவனே, மாலையில் திருவிழாவுக்குக் கயிறு பிடிப்பவன் அவனே, இரவில் கொலை வழக்கைத் துலக்கவேண்டியவனும் அவனே. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்ட அனுப்பப்படுபவனும் அவனேதான். ஆர்டர்லி முறை ஒழிந்தது என்று 1979ஆம் ஆண்டே அரசாணை சொல்லிற்று. 2022ஆம் ஆண்டும் உயர்நீதிமன்றம் அதைக் கண்டிக்கவேண்டியிருந்தது! மேலே இருப்பவன் மிதிக்க, மிதிபட்டவன் கீழே இருப்பவனை மிதிக்கிறான். காக்கிச் சட்டைக்குள் இருப்பவனும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை என்பதை மறவாதீர்கள். சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் அஞ்சாமல் எடுத்துச் சொன்னவர் அந்நிலையத்திலேயே பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த நிலையத்தின் கேமராப் பதிவுகளோ அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. கருவி மறைத்ததை மனித நாக்கு சொன்னது. அத்தகையவரைத் தனியே நிற்க விடாத ஒரு துறையைத்தான் நாம் கேட்கிறோம்.

நடக்கக்கூடியதா இது என்று ஐயுறுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1957ஆம் ஆண்டு கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த அரசு, தொழிற்தகராறுகளில் முதலாளிக்கு அடியாளாகப் போலீஸ் செல்லாது என்று கொள்கை அறிவித்தது. தேயிலைத் தோட்ட முதலாளிகள் வானமே இடிந்துவிட்டதாகக் கூக்குரலிட்டார்கள். வானம் அங்கேயேதான் இருந்தது. 1959ஆம் ஆண்டு இடிந்தது அந்த ஆட்சிதான். மத்திய அரசு அதைக் கலைத்தது.

மத்தியில் 1977ஆம் ஆண்டு தேசியப் போலீஸ் ஆணையம் அமைந்தது. 1981ஆம் ஆண்டுவரை அறிக்கைமேல் அறிக்கை தந்தது. அவை அலமாரியில் உறங்கின. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. சட்டம் ஒழுங்குப் பணியையும் புலன்விசாரணைப் பணியையும் பிரிக்கவேண்டும். பொறுப்பிலுள்ள அதிகாரியை இரண்டாண்டுக்குள் பந்தாடக் கூடாது. போலீசார்மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஆணையம் வேண்டும் என்பவை அவற்றுள் சில. நம் மாநிலத்தில் 2013ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். புகார் ஆணையத்துக்கு அதில் தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர்! உறுப்பினர்கள் யார்? போலீஸ் தலைவர்களே! மாவட்டத்திலும் அதே கதை. மாவட்ட ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். மாமியார் மீது மாமியாரிடமே புகார் கொடுக்கச் சொல்கிறார்கள். டெல்லியின் யோக்கியதையும் பார்த்துவிடுவோம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997ஆம் ஆண்டு கையெழுத்திட்டது; அதை உறுதி செய்து சட்டமாக்க எந்தப் பிரதமருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பாகிஸ்தானும் இலங்கையும்கூட உறுதி செய்துவிட்டன.

சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் என்கிறது 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரம். அவர்களில் பலர் உள்ளேயிருப்பது ஜாமீனுக்குக் கையெழுத்திட ஒரு சொத்துக்காரன் கிடைக்காத காரணத்தால். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம்.

கட்சித் தோழர்களுக்கு ஒரு சொல். இது சிலருக்குக் கசக்கும். போலீஸ் சீர்திருத்தம் என்று நாம் முழங்கும்போது, ஆய்வாளருக்குத் தொலைபேசியில் பேசி "நம்ம ஆள், விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் வழக்கமும் அதில் அடங்கும். சிபாரிசால் ஒருவனை விடுவிக்க முடிகிற நிலையத்தில் சிபாரிசால் ஒருவனை அடிக்கவும் முடியும். இரண்டாண்டு உறுதியான பதவிக்காலம் பெற்ற ஆய்வாளர் முதன்முதலில் "முடியாது" என்று சொல்வது ஆளும் கட்சி ஒன்றியச் செயலாளரிடம், அதற்கடுத்து நம்மிடம். அந்தச் சொல்லைக் கேட்கும் நாளில் முகம் சுளிப்பவர் இந்தக் கோரிக்கையைத் தூக்கிப் பிடிக்கத் தகுதியற்றவர்.

வாச்சாத்தியை நினையுங்கள். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஆட்சியாளர்கள் சாதித்தார்கள். பழங்குடி மக்கள் சங்கத்தார் ஊர் ஊராகத் தேடிச் சாட்சிகளைத் திரட்டினார்கள். மார்க்சிஸ்ட் தலைவர் ஏ. நல்லசிவன் நீதிமன்றப் படியேறினார். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29ஆம் நாள், உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு தோட்டாவும் சுடாமல், நீதிமன்றத்தின் வழியே, சர்க்கார் உடை தரித்த 215 பேரைத் தண்டிக்க முடிந்தது. அதற்கு முப்பத்தோராண்டு பிடித்தது என்பதே நம் வழக்கு. தாமதத்தை ஒழிக்கச் சொல்வோம். நீதிமன்றத்தை ஒழிக்கச் சொல்வோரோடு சேரமாட்டோம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். புகார் ஆணையத்தின் தலைமையிலிருந்து உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆட்சியரையும் அகற்றி ஓய்வுபெற்ற நீதிபதிகளை அமர்த்தவேண்டும். ஒவ்வொரு காவல்நிலையத்திலும் புலன்விசாரணைக்கெனத் தனிப்பிரிவு வேண்டும். காவலில் சாவு நேர்ந்தால் அந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து விசாரணை வரவேண்டும். சித்திரவதைத் தடைச் சட்டம் வேண்டும் என்று எழுதி, மாவட்டக் குழுவுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஒரு நகல் உங்கள் ஊர்க் காவல்நிலைய ஆய்வாளருக்கும் போகட்டும். அதை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.